டிவா மயக்கத்தில் எந்த ஓபியாய்டு? அறுவையின் ஹார்மோன் கொந்தளிப்பை வைத்து ஓர் ஒப்பீடு

நாளைக் காலை முதல் கேஸ், வயிற்றைத் திறந்து பெருங்குடலில் கட்டியுள்ள பகுதியை எடுக்கும் அறுவை. நோயாளிக்கு 62 வயது. 15 வருடமாகச் சர்க்கரை நோய், இதயத்தில் ஒரு ஸ்டென்ட். டிவா என்று முடிவு செய்தாகிவிட்டது. அதாவது மயக்க வாயு எதுவும் கிடையாது. தொடக்கம் முதல் கடைசி வரை மயக்கம் முழுவதும் சிரை வழியாகவே. தூங்க வைக்கப் புரோபோஃபால், அதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. பக்கத்துச் சிரிஞ்ச் பம்பில் எந்த ஓபியாய்டை, அதாவது மார்ஃபின் வகை வலி மருந்தை, ஓட்டுவது என்பதில்தான் பேச்சு.

பயிற்சி மருத்துவர்கள் இதைப் பற்றிப் பேசும்போது “எதைக் கொடுத்தால் சீக்கிரம் எழுவார்?” என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் இந்த மாதிரி நோயாளிக்கு நான் முதலில் யோசிப்பது வேறு. கத்தி பட்டதும் உடல் கிளப்பும் ஹார்மோன் கொந்தளிப்பை இந்த மருந்து எந்த அளவுக்கு அடக்கும், எவ்வளவு நேரம் அடக்கும், அது இறங்கிப் போன பிறகு அதன் இடத்தில் எது இருக்கும்?

கொந்தளிப்பு என்று நான் சொல்வது இதைத்தான். தோல் வெட்டுப்பட்டதும் அந்தச் செய்தி நரம்புகள் வழியாகத் தண்டுவடம் ஏறி மூளையின் ஹைபோதாலமஸுக்குப் போகிறது. நோயாளி ஆழ்ந்து தூங்கினாலும் போகிறது. மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி ஏசிடிஎச் என்ற ஹார்மோனைச் சுரக்க, அதன் தூண்டலில் சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பி கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோனைக் கொட்டுகிறது. இன்னொரு பக்கம் அட்ரினலினும் நார்அட்ரினலினும் ஏறுகின்றன. நாடி வேகமாகிறது, ரத்த அழுத்தம் உயர்கிறது. இன்சுலின் சுரப்பு குறைகிறது, சுரப்பதும் சரியாக வேலை செய்வதில்லை. சர்க்கரை ஏறுகிறது, தசைப் புரதம் கரைகிறது. லிட்டருக்கு 400 நானோமோல் அளவில் இருக்கும் கார்டிசால் பெரிய அறுவைகளில் நான்கிலிருந்து ஆறு மணி நேரத்தில் 1500ஐத் தாண்டிப் போகலாம். வழக்கமாகக் கார்டிசால் ஏறினால் ஏசிடிஎச் தானாக அடங்கும். அறுவைக்குப் பிறகு அந்தக் கடிவாளமும் வேலை செய்வதில்லை, இரண்டும் உயர்ந்தே நிற்கின்றன.

காயத்துக்கு உடல் முழுவதும் பதில் சொல்கிறது என்பதை 1930களிலேயே கிளாஸ்கோவில் டேவிட் கத்பர்ட்சன் காட்டினார். கால் எலும்பு முறிந்தவர்களின் சிறுநீரில் நைட்ரஜன் கணக்கில்லாமல் வெளியேறுவதை அவர் அளந்தார். முறிந்த எலும்பு ஒன்றுதான், ஆனால் உடம்பின் தசையெல்லாம் கரைந்துகொண்டிருந்தது. முப்பது வயது ஆரோக்கியமான ஆளுக்கு இது வந்து போகும் ஒரு காய்ச்சல் மாதிரி. சர்க்கரையும் இதயக் கோளாறும் உள்ள நம் நோயாளிக்கு அப்படி இல்லை. வேகமான நாடி இதயத்துக்கு ஆகாது. ஏறிய சர்க்கரை காயத்தில் கிருமி பிடிக்க வழி செய்யும்.

மருந்துகளை ஒப்பிடுவதற்கு முன் ஒரு எல்லையைக் குறித்துக்கொள்ள வேண்டும். அறுவைக்கு உடல் தரும் பதிலில் இரண்டு ஓட்டங்கள் உண்டு. ஒன்று மேலே சொன்ன ஹார்மோன் ஓட்டம். மற்றது அழற்சி, வெட்டுப்பட்ட திசுவிலிருந்தே இன்டர்லூகின்-6 போன்ற செய்திப் புரதங்கள் கிளம்பி, சிஆர்பி என்ற அழற்சிப் புரதத்தை ஏற்றிவிடுவது. ஓபியாய்டுகள் முதல் ஓட்டத்தில் கை வைக்கும், இரண்டாவதில் பெரிதாக எதுவும் செய்யாது. அழற்சியைக் குறைப்பது அறுவை மருத்துவரின் கையில்தான் அதிகம் இருக்கிறது. பித்தப்பையை லேப்ராஸ்கோப்பியில் எடுத்தால் இன்டர்லூகினும் சிஆர்பியும் திறந்த அறுவையைவிடக் குறைவாகவே ஏறுகின்றன. கார்டிசாலும் அட்ரினலினும் ஏறத்தாழ அதே அளவு ஏறுகின்றன. சிறு துளை என்பதால் ஹார்மோன்களும் சும்மா இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது.

சரி, மருந்துகளுக்கு வருவோம்.

ஓபியாய்டை நிறையக் கொடுத்தால் இந்தப் பதிலை அடியோடு அடக்கிவிடலாமா என்ற கேள்வி பழையது. 1969இல் பாஸ்டனில் எட்வர்ட் லோவன்ஸ்டைன் குழுவினர் இதய அறுவைக்கு மார்ஃபினை மிகப் பெரிய அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். மார்ஃபினோடு ஹிஸ்டமின் வெளிப்பாடு, ரத்த அழுத்தச் சரிவு என்று தொல்லைகளும் வந்தன. 1970களின் பிற்பகுதியில் அந்த இடத்தை ஃபென்டனில் பிடித்தது. கிலோவுக்கு 50 மைக்ரோகிராம் கொடுத்தால் இடுப்புப் பகுதி அறுவையில் கார்டிசால், வளர்ச்சி ஹார்மோன், சர்க்கரை மூன்றும் ஏறாமலே போயின. அடிவயிற்று அறுவைக்குக் கிலோவுக்கு 15 மைக்ரோகிராமே கார்டிசாலையும் சர்க்கரையையும் தடுத்தது. மேல்வயிற்று அறுவைக்கு 100 வரை போனபோதும் சர்க்கரை உயர்வு அடங்கியது, ஆனால் நோயாளி மூச்சு விட மறந்து, அறுவைக்குப் பிறகும் வென்டிலேட்டரிலேயே இருக்க வேண்டி வந்தது. இதய அறுவையில் இதய-நுரையீரல் இயந்திரத்தில் ஏற்றும் வரை ஹார்மோன்கள் அடங்கியிருந்தன. இயந்திரம் ஓடத் தொடங்கியதும் எந்த அளவு ஃபென்டனிலையும் மீறி ஏறின.

அந்தக் காலத்து ஆய்வுகளில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது வேறொன்று. ஃபென்டனிலை வெட்டுவதற்கு முன்பே கொடுத்தால் ஹார்மோன்கள் அடங்கின. அறுவை தொடங்கி ஒரு மணி நேரம் கழித்துக் கொடுத்தபோது, பற்றிக்கொண்ட தீயை அதனால் அணைக்க முடியவில்லை. மருந்து எது என்பதைப் பற்றி நாம் பேசுகிற அளவுக்கு, அது எப்போது உள்ளே போகிறது என்பதைப் பற்றிப் பேசுவதில்லை என்று எனக்குத் தோன்றும்.

நம் தியேட்டர்களில் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது ஃபென்டனில்தான். விலை குறைவு, எல்லோருக்கும் பழக்கம். ஆனால் நாம் வழக்கமாகக் கொடுப்பது கிலோவுக்கு 2 முதல் 5 மைக்ரோகிராம். அது மூச்சுப்பாதையில் குழாய் வைக்கும்போது நாடி துள்ளுவதைத் தணிக்கும்; பெரிய வயிற்று அறுவையின் கார்டிசால் உயர்வை நிறுத்தாது. அந்த 50 மைக்ரோகிராம் ஆய்வுகளின் பெருமையை நம்முடைய 2 மைக்ரோகிராமுக்குக் கொடுக்க முடியாது. இன்னொன்று, அதன் வேலை உச்சத்துக்கு வர மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் ஆகும். ஊசி போட்ட கையோடு, குழாய் வைக்கத் தொண்டைக்குள் பார்க்கும் லாரிங்கோஸ்கோப்பை எடுத்தால் மருந்து மூளைக்குப் போய்ச் சேர்வதற்கு முன்பே தொண்டைத் தூண்டல் போய்ச் சேர்ந்துவிடும்.

அளவைக் கூட்டி ஃபென்டனிலைப் பம்பில் ஓட்டலாமே என்றால், அங்கே கொழுப்பு குறுக்கே வருகிறது. கொழுப்பில் கரையும் மருந்து இது. நேரம் ஆக ஆக உடலில் சேர்ந்துகொண்டே போகும். ஒரு மணி நேரம் ஓட்டி நிறுத்தினால் ரத்தத்தில் அளவு சீக்கிரமே பாதியாகிவிடும். எட்டு மணி நேரம் ஓட்டி நிறுத்தினால் பாதியாக நான்கு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். அறுவைக்குப் பிறகு எப்படியும் வென்டிலேட்டரில்தான் இருக்கப் போகிறார் என்றால் இது குறையே இல்லை, பாதுகாப்பு. மாலையில் உட்கார்ந்து கஞ்சி குடிக்க வேண்டியவருக்கு இது இடைஞ்சல்.

ஆல்ஃபென்டனில் ஒன்றரை நிமிடத்தில் வேலை காட்டும், சீக்கிரம் போகும். சிறு, குறுகிய தூண்டலுக்கு ஏற்றது. நீண்ட அறுவைக்கு அதைத் தேடிப் போக எனக்குக் காரணம் தெரியவில்லை.

சுஃபென்டனில் கதை வேறு. ஃபென்டனிலைவிட ஐந்திலிருந்து பத்து மடங்கு வீரியம். நான்கு மணி நேரம் ஓட்டினாலும் அரை மணி நேரத்தில் பாதியாகிவிடும், நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் வலியைத் தாங்கிக்கொண்டே இறங்கும். ஐரோப்பாவில் இதய அறுவைக்கு இதை விரும்பிப் பயன்படுத்துகிறார்கள். நம் ஊரில் பழக்கம் குறைவு. இந்த மருந்தின் பெயர் வரும் இடத்தில் பச்சிளங்குழந்தைகளைப் பற்றிப் பேசாமல் போக எனக்கு மனம் வராது.

பச்சிளங்குழந்தைக்கு வலி தெரியாது என்று மருத்துவம் நீண்ட காலம் நம்பியது. குறைமாதக் குழந்தைகளுக்கு நைட்ரஸ் ஆக்சைடும் தசைத் தளர்வு மருந்தும் மட்டும் கொடுத்து நெஞ்சைத் திறந்தார்கள். 1987இல் ஆக்ஸ்ஃபோர்டில் இந்திய மருத்துவர் கே. ஜே. எஸ். ஆனந்தும் அவரது குழுவினரும், இதயத்தருகே மூடாமல் இருந்த ரத்தக்குழாயைக் கட்டும் அறுவைக்கு வந்த 16 குறைமாதக் குழந்தைகளை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு மட்டும் கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் ஃபென்டனில் கூடுதலாக. ஃபென்டனில் பெறாத குழந்தைகளின் ஹார்மோன்கள் பல மடங்கு பொங்கின, அறுவைக்குப் பின் சிக்கல்களும் அவர்களுக்கே அதிகம். 1992இல் அவர் பால் ஹிக்கியுடன் பாஸ்டனில் செய்த ஆய்வில், இதய அறுவைக்கு வந்த பச்சிளங்குழந்தைகளில் ஆழமாகச் சுஃபென்டனில் கொடுத்த 30 பேரும் பிழைத்தார்கள். ஹாலோத்தேன் வாயுவும் மார்ஃபினும் கொடுத்த 15 பேரில் நான்கு பேர் இறந்தார்கள். பிறகு அறுவை நுட்பமும் ஐசியு பராமரிப்பும் நிறைய மாறிவிட்டன, இன்று அந்த அளவு வித்தியாசத்தை எதிர்பார்க்க முடியாது. ஆனாலும் ஹார்மோன் எண்கள் வெறும் ஆய்வகக் காகிதம் அல்ல என்பதை உலகுக்குப் புரிய வைத்தவை இந்த இரண்டு ஆய்வுகளும்தான்.

அப்புறம் ரெமிஃபென்டனில். 1996இல் வந்தது. டிவாவும் இதுவும் ஒன்றுக்கொன்று செய்து வைத்த மாதிரி. ரத்தத்திலும் திசுக்களிலும் உள்ள எஸ்டரேஸ் நொதிகளே இதை உடைத்துவிடும், கல்லீரலையும் சிறுநீரகத்தையும் நம்பி இருப்பதில்லை. அரை மணி ஓட்டினாலும் எட்டு மணி ஓட்டினாலும் நிறுத்திய மூன்று நான்கு நிமிடத்தில் பாதியாகிவிடும். அதனால் முன்பு வென்டிலேட்டர் விலை கொடுத்து வாங்கிய ஆழத்தை இப்போது விலையில்லாமல் வாங்கலாம் என்று தோன்றியது. அறுவை மருத்துவர் குடலை இழுக்கும்போது அளவை ஏற்றலாம், கழுவும்போது இறக்கலாம். தூண்டல் எப்போது வருகிறதோ அப்போது மருந்தும் அங்கே இருக்கும்.

ஹார்மோன்களிலும் இது தெரிகிறது. பைபாஸ் அறுவையில் ரெமிஃபென்டனிலைத் தொடர்ந்து ஓட்டுவதையும் ஃபென்டனிலை விட்டு விட்டுக் கொடுப்பதையும் ஒப்பிட்ட ஒரு ஜெர்மானிய ஆய்வில் (2008) ரெமிஃபென்டனில் பக்கம் அழுத்த ஹார்மோன்கள் குறைவாக ஏறின. லேப்ராஸ்கோப்பி மகளிர் அறுவைகளில் புரோபோஃபால்-ரெமிஃபென்டனில் டிவாவைச் செவோஃப்ளுரேன் வாயுவோடு ஒப்பிட்டபோதும் டிவா பக்கமே அமைதி அதிகம். ஆனால் அளவு போதுமானதாக இருக்க வேண்டும். மானிட்டரில் நாடி 58 என்று காட்டுவதால் மட்டும் ஹார்மோன்கள் அடங்கிவிட்டதாக நினைக்கக் கூடாது. ரெமிஃபென்டனில் நாடியைத் தானாகவே குறைக்கும். அது ஒரு தனி விளைவு.

சில வருடங்களுக்கு முன் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். வயிற்றைத் திறந்து கருப்பையை எடுக்கும் அறுவை. ரெமிஃபென்டனில் ஓட்டினேன். இரண்டு மணி நேரமும் நாடி 60ஐத் தாண்டவில்லை. கடைசித் தையல் விழுந்ததும் பம்பை நிறுத்தினேன், ஐந்தாறு நிமிடத்தில் அந்த அம்மா கண் திறந்து தன் பெயரைச் சொன்னார். ரெக்கவரி அறைக்குப் போய்ப் பத்து நிமிடம் ஆகியிருக்காது, நர்ஸ் ஓடி வந்தார். ரத்த அழுத்தம் 190, நாடி 120, உடம்பெல்லாம் நடுக்கம், “ஐயோ, வயிறு எரியுதே” என்று அலறல். வலிக்கு நான் கொடுத்திருந்தது பாராசிட்டமால் மட்டும், அதுவும் கடைசி நேரத்தில். மார்ஃபினைச் சிறுகச் சிறுகக் கொடுத்து அவரை ஆசுவாசப்படுத்த முக்கால் மணி நேரம் ஆனது. இரண்டு மணி நேரம் நான் கட்டி வைத்திருந்ததை ஒரே நேரத்தில் அவிழ்த்துவிட்டிருந்தேன். தவறு மருந்தில் இல்லை, என்னிடம்தான். அந்த அம்மாவின் குரல் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

தையல் போட்டு முடித்ததோடு அறுவை முடிகிறது, ஹார்மோன் பதில் முடிவதில்லை. அது அன்றிரவு முழுவதும், மறுநாளும் நீளும். நான்கு நிமிடத்தில் மறையும் மருந்தால் அதற்குக் காவல் இருக்க முடியாது. அதனால் ரெமிஃபென்டனில் எடுப்பவர் இன்னொரு மருந்தையும் சேர்த்தே எடுக்க வேண்டும். முடிவதற்கு அரை மணியிலிருந்து நாற்பது நிமிடம் முன்பே மார்ஃபின், கிலோவுக்கு 0.1 முதல் 0.15 மில்லிகிராம். பாராசிட்டமாலும் முன்கூட்டியே. முடிந்தால் நரம்பைச் சுற்றி மரப்பு மருந்து.

இன்னொரு சிக்கலும் உண்டு. ரெமிஃபென்டனிலை அதிகமாக ஓட்டினால் பிறகு வலி உணர்வே கூர்மையாகிவிடுகிறது. 2000இல் வந்த ஒரு பிரெஞ்சு ஆய்வில், நிமிடத்துக்குக் கிலோவுக்கு 0.1 மைக்ரோகிராம் அளவில் பெற்றவர்களைவிட 0.3 அளவில் பெற்றவர்களுக்கு அறுவைக்குப் பின் ஏறத்தாழ இரு மடங்கு மார்ஃபின் தேவைப்பட்டது. அது டெஸ்ஃப்ளுரேன் வாயுவோடு செய்த ஆய்வு. புரோபோஃபாலோடு சேரும்போது இது சற்றுக் குறைவாகவே தெரிகிறது. இருந்தாலும் நான் 0.2ஐத் தாண்டி நீண்ட நேரம் ஓட்டுவதில்லை, அந்தக் கூர்மையைத் தணிக்கக் குறைந்த அளவு கெட்டமைனும் கூடச் சேர்க்கிறேன். நிறுத்தும்போது படிப்படியாக இறக்குகிறேன்.

இத்தனை தொல்லை எதற்கு, ஓபியாய்டே இல்லாமல் டெக்ஸ்மெடிடோமிடின் என்ற அமைதி மருந்தை ஓட்டலாமே என்று இப்போது பலர் கேட்கிறார்கள். அட்ரினலின் பக்கத்தை அது நன்றாகவே தணிக்கும். பிரான்சில் பல மருத்துவமனைகள் சேர்ந்து செய்து 2021இல் வெளியிட்ட ஆய்வில் அதை ரெமிஃபென்டனிலோடு நேருக்கு நேர் வைத்துப் பார்த்தார்கள். டெக்ஸ்மெடிடோமிடின் பக்கம் சிலருக்கு நாடி ஆபத்தான அளவுக்குக் குறைந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்த வேண்டியதாயிற்று. ஆக்சிஜன் குறைவும் அந்தப் பக்கமே அதிகம். ஸ்டென்ட் உள்ளவரிடம் இதை முதன்மை மருந்தாக வைக்க எனக்குத் துணிவில்லை. சிறு அளவில் துணையாகச் சேர்ப்பது வேறு விஷயம்.

கார்டிசாலை எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவு நல்லது என்ற எண்ணத்துக்கு யாராவது வந்துவிட்டால் அவர்களுக்கு எட்டோமிடேட் என்ற மயக்க மருந்தின் வரலாற்றைச் சொல்வேன். அட்ரீனலில் கார்டிசால் உருவாகும் கடைசிப் படியையே அது அடைத்துவிடும். 1980களின் தொடக்கத்தில் கிளாஸ்கோவில் ஐசியுவில் இருந்த விபத்து நோயாளிகளைத் தூங்க வைக்க அதைத் தொடர்ந்து ஓட்டினார்கள். மார்ஃபின் சார்ந்த முறையில் இருந்தவர்களைவிட அவர்களில் அதிகம் பேர் இறந்தார்கள். 1983இல் லெடிங்கமும் வாட்டும் அதை லான்செட் இதழில் எழுதினார்கள். உடலுக்குக் கார்டிசால் தேவை. ஓபியாய்டு தேவையற்ற அலாரத்தைக் குறைக்கிறது, சுரப்பியைப் பூட்டிவிடுவதில்லை. எனக்கு இந்த வேறுபாடு முக்கியம்.

உண்மையில் ஹார்மோன் பதிலைத் தடுப்பதில் எந்த ஓபியாய்டையும்விட வலுவானது எபிடூரல், அதாவது முதுகில் தண்டுவட உறைக்கு வெளியே மெல்லிய குழாய் வைத்து மரப்பு மருந்து செலுத்துவது. செய்தி தண்டுவடத்தில் ஏறுவதற்கு முன்பே வழியை அடைக்கிறது. அடிவயிற்று அறுவையில் போதுமான உயரம் வரை மரத்தால் கார்டிசால் உயர்வையே தடுத்துவிடலாம்; மேல்வயிற்றில் அது முழுமையாக நடப்பதில்லை. டென்மார்க்கில் ஹென்ரிக் கேலெட் 1990களில் பெருங்குடல் நோயாளிகளைச் சில நாட்களிலேயே வீட்டுக்கு அனுப்பிக் காட்டியதில் எபிடூரலுக்குப் பெரும் பங்கு உண்டு. சீக்கிரம் உணவு, சீக்கிரம் நடை என்று மற்றவையும் சேர்ந்துதான். எபிடூரல் சரியாக வேலை செய்தால் எந்த ஓபியாய்டு என்ற கேள்வியின் எடையே பாதி குறைந்துவிடும். கொஞ்சம் ஃபென்டனிலே போதும்.

ஆனால் நம் நோயாளிக்கு அந்த வழி மூடியிருக்கிறது. ஸ்டென்ட் வைத்து ஏழு மாதம்தான் ஆகிறது, ரத்தம் உறையாமல் தடுக்கும் க்ளோபிடோக்ரலை நிறுத்த வேண்டாம் என்று இதய மருத்துவர் சொல்கிறார், கட்டியும் காத்திருக்காது. அந்த மாத்திரையோடு முதுகில் ஊசி போட்டால் தண்டுவடத்தருகே ரத்தம் கட்டும் ஆபத்து உண்டு. வயிற்றுச் சுவரின் நரம்புகளை மரக்க வைக்கும் டேப் பிளாக் போடலாம். அது தோல், தசை வலியைக் குறைக்கும். குடலிலிருந்து வரும் செய்தி அப்படியே ஏறும். ஆகவே ஹார்மோன் வேலையை ஓபியாய்டுதான் சுமக்க வேண்டும்.

நாளைக்கு நான் ரெமிஃபென்டனிலைத்தான் எடுக்கப் போகிறேன். இந்த இதயத்துக்கு நிமிடத்துக்கு நிமிடம் கட்டுப்பாடு வேண்டும், மூன்று மணி நேரத்துக்குப் பிறகு அவர் தானாக மூச்சு விட்டு எழவும் வேண்டும். அவர் இரவு வென்டிலேட்டரில் இருக்கப் போகிறவராக இருந்தால் ஃபென்டனிலை ஓட்டியிருப்பேன், யோசித்திருக்கவே மாட்டேன். பகலில் வந்து மாலையில் வீடு திரும்பும் லேப்ராஸ்கோப்பி பித்தப்பை என்றால் வெட்டுவதற்கு ஐந்து நிமிடம் முன் ஃபென்டனில், துளைகளில் மரப்பு மருந்து, அவ்வளவுதான். மூளை அறுவை என்றால் மறுபடியும் ரெமிஃபென்டனில். தலையை அசையாமல் பிடிக்க மண்டையில் கூர்முனைக் கம்பிகளைக் குத்தும் அந்த அரை நிமிடத்தை அதுபோல் சமாளிக்கும் மருந்து வேறில்லை, முடிந்ததும் கை காலை அசைக்கச் சொல்லிப் பார்க்கவும் வேண்டும். ரெமிஃபென்டனில் கிடைக்காத இடத்தில் இந்தக் குடல் கேஸ் வந்தால்? ஃபென்டனிலை வெட்டுவதற்கு முன் தாராளமாகக் கொடுத்து, கடைசி ஒரு மணி நேரத்தில் நிறுத்திவிடுவேன். அவசரமாக எழுப்ப மாட்டேன்.

சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மட்டும் ஒரு திருத்தம். ரெமிஃபென்டனில் உடைந்து வரும் பொருளுக்கு வீரியம் கிட்டத்தட்ட இல்லை, அதனால் கவலை இல்லை. பின்னால் வரும் மார்ஃபினின் வளர்சிதைப் பொருள்தான் சேர்ந்து மூச்சை அமுக்கும். அங்கே காவலுக்கு ஃபென்டனிலைச் சிறு அளவில் வைப்பேன். நம் நோயாளிக்குச் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் சரியாக இருக்கிறது, மார்ஃபினே போதும்.

நாளைக்கான தாளில் எழுதி வைத்திருப்பது இது: குழாய் வைப்பதற்கு முன்பே ரெமிஃபென்டனில் தொடக்கம். மணிக்கு ஒருமுறை சர்க்கரை. குடல் இணைப்பு முடிந்து வயிற்றை மூடத் தொடங்கும்போது மார்ஃபின், பாராசிட்டமால், டேப் பிளாக். தோல் தையலின்போது ரெமிஃபென்டனிலைப் படிப்படியாக இறக்குதல். ரெக்கவரியில் முதல் ஒரு மணி நேரம் ஒரு நர்ஸ் அவரை விட்டு நகரக் கூடாது. கார்டிசால் உச்சத்தில் நிற்கும் நேரம் மாலையும் இரவும்தான். பத்து மணிக்கு வார்டுக்கு வந்து ஒருமுறை பார்க்கிறேன் என்று அவருடைய மகளிடம் சொல்லியிருக்கிறேன்.